இரண்டு வோட்டில் கிடைத்த ஆசனம்

சட்டசபையில் பெரும்பான்மை பெற்ற கட்சி அரசாளும்; அப்பெரும்பான்மையை இழந்தால் மந்திரிகள் விலகுவர். இது இன்று பள்ளி மாணவரும் அறிந்த பாடம். ஆனால் நம் நாட்டிலேயே, 1921 முதல் 1947 வரை இருபத்தாறு ஆண்டுகள் கூடிவந்த ஒரு தேசிய சட்டசபைக்கு இந்தப் பாடம் பொருந்தாது. அங்கே சர்க்கார் தோற்பதுண்டு, அடிக்கடி தோற்பதுண்டு. தோற்ற பின்னும் அது சர்க்காராகவே வீற்றிருக்கும். மத்திய சட்டசபை என்று பெயர் பெற்ற அந்தச் சபையில் அதிகாரம் அற்றவர்களாக இருந்த அங்கத்தினர்கள் தங்களுக்கென்று சம்பாதித்துக் கொண்ட ஒரே உண்மையான உரிமை, சபைக்குத் தலைமை வகிப்பவரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமைதான் என்று சொன்னால் மிகையாகாது. அந்த உரிமை எப்படிக் கையாளப்பட்டது என்பதையே இங்கே பார்ப்போம்.

1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்தச் சபையை 1921 பிப்ரவரி 9-ஆம் தேதி கன்னாட் கோமகன் டில்லியில் தொடங்கி வைத்தார். பின்னர் நிலைபெற்ற கணக்குப்படி சபையின் அங்கத்தினர் 145 பேர். அவர்களில் 104 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். 41 பேர் சர்க்கார் நியமித்தவர்கள். நியமனம் பெற்றோரில் 26 பேர் உத்தியோகஸ்தர்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களும் ஒரே வகையினர் அல்லர். பொதுத் தொகுதிகளுக்கு 52, முஸ்லிம்களுக்கு 30, சீக்கியர்களுக்கு 2, ஐரோப்பியர்களுக்கு 9, நிலச்சுவான்தார்களுக்கு 7, இந்திய வர்த்தகர்களுக்கு 4 என்று இடங்கள் பங்கிடப்பட்டிருந்தன. முப்பது கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த தேசத்தில், 1920-இல் இந்தச் சபைக்கு வோட்டுரிமை பெற்றிருந்தவர்கள் பத்து லட்சம் பேர்கூட இல்லை.

உத்தியோகஸ்தர்கள் ஒரு கையின் விரல்களைப் போலச் சேர்ந்தே அசைவார்கள். ஐரோப்பியரும் பெரும்பாலும் அவர்கள் பக்கமே. ஆகவே சர்க்காரைத் தோற்கடிக்க வேண்டுமானால் மற்றவர்கள் அனைவரும் ஏறக்குறைய ஒன்றுபட வேண்டும். அப்படி ஒன்றுபட்டு 1923-இல் உப்பு வரியை இரட்டிப்பாக்கும் யோசனையைச் சபை நிராகரித்தது. கவர்னர் ஜெனரலாக இருந்த ரீடிங் பிரபு, தமக்கிருந்த விசேஷ அதிகாரத்தைக் கொண்டு, அந்த வரியைச் சட்டமாக்கிவிட்டார். சபை என்ன ஆயிற்று? மறுபடியும் கூடியது, மறுபடியும் பேசியது; அவ்வளவுதான்.

சபைத் தலைவருக்கு அந்நாளில் அக்கிராசனர் என்று பெயர். முதல் அக்கிராசனராகிய சர் பிரடெரிக் ஒயிட், பிரிட்டிஷ் காமன்ஸ் சபையில் இருந்து பழகியவர். கவர்னர் ஜெனரலால் நியமிக்கப்பட்டவர். அவருடைய நான்காண்டுக் காலத்துக்குப் பின் அங்கத்தினர்களே ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் கவர்னர் ஜெனரலின் சம்மதம் வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த நாள் 1925 ஆகஸ்டு 22-ஆம் தேதி வந்தது. சிம்லாவில், இரண்டு நாளைக்கு முன் திறந்துவைக்கப்பட்ட புதிய மண்டபத்தில் தேர்தல் நடந்தது.

போட்டியிட்டவர் இருவர். ஒருவர் சென்னையைச் சேர்ந்த திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். உதவி அக்கிராசனராக இருந்தவர், சட்டத்தில் தேர்ந்தவர், மிதவாதி. மற்றவர் விட்டல்பாய் படேல்; சர்தார் வல்லபாய் படேலின் தமையனார். சித்தரஞ்சன் தாஸும் மோதிலால் நேருவும் 1923-இல் தொடங்கிய சுயராஜ்யக் கட்சியின் முன்னணித் தலைவர். சபைக்குள் புகுந்து சர்க்காருக்கு முட்டுக்கட்டை போடுவதே அக்கட்சியின் நோக்கம். வோட்டுகள் எண்ணப்பட்டபோது படேலுக்கு 58, ரங்காச்சாரியாருக்கு 56. ஒரே ஒருவர் பக்கம் மாறியிருந்தால் இருவரும் சமமாகியிருப்பர். சர்க்கார் சம்மதமும் கிடைத்தது. படேல் உடனே கட்சியிலிருந்து விலகினார். சம்பளத்தில் ஒரு பகுதியை மாதந்தோறும் காந்தியடிகளுக்குப் பொதுப்பணிக்கென அனுப்பிவந்தார்.

முட்டுக்கட்டை போடவென்றே உள்ளே சென்றவர் எல்லோருக்கும் பொதுவான ஆசனத்தில் அமர்ந்தால் நடுநிலை வகிப்பாரா? அன்று பலருக்கும் இருந்த ஐயம் நியாயமானதே. 1926 மார்ச்சு மாதத்தில் அதற்கு ஒரு சோதனை வந்தது. மோதிலால் நேருவின் தலைமையில் சுயராஜ்யக் கட்சியார் சபையை விட்டு வெளியேறினர். பெரிய கட்சி ஒன்று இல்லாத சபையில் சர்க்கார் சர்ச்சைக்குரிய மசோதாக்களைக் கொண்டுவரலாகாது, கொண்டுவந்தால் தம் அதிகாரத்தைப் பயன்படுத்த நேரும் என்ற கருத்துப்பட அக்கிராசனர் பேசிவிட்டார். ஆனால் மறுநாள் அவரே எழுந்து, நிலைமையை இன்னும் ஆராயாமல் அவ்வாறு கூறியிருக்கக் கூடாது, மிரட்டலாகக் கொள்ளத்தக்க சொற்களைத் தவிர்த்திருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். படேலின் துணிச்சலைப் புகழ்வோர் பலர் இந்த நிகழ்ச்சியைச் சொல்வதில்லை. எனக்கோ, அவருடைய பிற்காலத் தீர்ப்புகளுக்கெல்லாம் மதிப்புத் தருவது இந்த ஒப்புதலே என்று தோன்றுகிறது. 1927 ஜனவரியில், டில்லியில் புதிதாக எழுந்த வட்டக் கட்டடத்தில் சபை கூடியபோது, போட்டியின்றி ஏகமனதாக அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தனர். முதலில் எதிராக வோட்டளித்த தரப்பினரும் இப்போது உடன்பட்டனர்.

அடுத்த ஆண்டு பொதுஜனப் பாதுகாப்பு மசோதா வந்தது. இந்தியத் தொழிலாளரிடையே வேலை செய்துவந்த அயல்நாட்டுப் பொதுவுடைமைவாதிகளை விசாரணையின்றி நாட்டை விட்டு அனுப்ப அதிகாரம் கோரும் மசோதா அது. 1928 செப்டம்பரில் வோட்டெடுத்தபோது இரு பக்கமும் சமமாயின. முடிவு அக்கிராசனரின் ஒரு வோட்டில் வந்து நின்றது. இத்தகைய அசாதாரணச் சட்டத்தை விரும்புகிறவர்கள் சபையைத் தம் பக்கம் திருப்பிப் பெரும்பான்மை பெற வேண்டுமேயன்றி, அக்கிராசனரின் வோட்டை எதிர்பார்க்கலாகாது என்று கூறி, படேல் அதை எதிர்த்து வோட்டளித்தார். மசோதா வீழ்ந்தது.

சர்க்கார் விடவில்லை. 1929-இல் மீண்டும் கொண்டுவந்தது. இதற்கிடையில் அவ்வாண்டு மார்ச்சில் தொழிலாளர் தலைவர்கள் பலர் கைதாகி, மீரத் சதி வழக்குத் தொடங்கியிருந்தது. மசோதாவுக்கு ஆதாரமான செய்திகளும் வழக்குக்கு ஆதாரமான செய்திகளும் ஒன்றே. நீதிமன்றத்தின் முன் இருப்பதைச் சபையில் விவாதிக்கக் கூடாது. விவாதிக்காமல் மசோதாவை நிறைவேற்றுவதோ விவாதமே அன்று. ஆகவே மசோதாவை ஒத்திவையுங்கள், அல்லது வழக்கைத் திரும்பப் பெறுங்கள் என்றார் படேல். சர்க்கார் இரண்டுக்கும் இணங்கவில்லை. ஏப்ரல் 8-ஆம் தேதி அவர் தீர்ப்புக் கூற எழுந்த வேளையில்தான் பார்வையாளர் மாடத்திலிருந்து பகத்சிங்கும் படுகேசுவர தத்தரும் குண்டுகளை வீசினர். அந்த வெடியோசையைப் பற்றி எல்லோரும் படித்திருக்கிறோம். அன்று தடைப்பட்ட தீர்ப்பு என்ன என்பதைப் பலர் கேட்பதில்லை. 11-ஆம் தேதி அது வழங்கப்பட்டது: பிரேரணை ஒழுங்குக்கு மாறானது, விவாதிக்க அனுமதியில்லை.

இப்படித் தடுக்க அக்கிராசனருக்கு அதிகாரம் உண்டு என்று விதிகளில் வெளிப்படையாக எழுதியிருக்கவில்லை. சபையின் நடைமுறையைக் காக்கும் கடமையிலேயே அவ்வதிகாரம் அடங்கியுள்ளது என்பது படேலின் வாதம். அவர் எல்லை மீறினார் என்றோரும் உண்டு. மறுநாளே வைசிராய் இர்வின் பிரபு இரு சபைகளையும் கூட்டி, அவசரச் சட்டம் பிறப்பிக்கப்போவதாக அறிவித்தார். பின்னர் அத்தகைய அதிகாரம் அக்கிராசனருக்கு இல்லாதபடி விதியையும் திருத்தினர். ஆக, வென்றது சர்க்கார்தான். ஆயினும் சபையின் சம்மதத்தால் கிடைத்தது என்று சொல்லிக்கொள்ளும் வாய்ப்பை அது இழந்தது.

இந்த ஆரவாரத்துக்கு நடுவே சத்தமின்றி ஒரு காரியம் நடந்திருந்தது. அதுவரை சபையின் அலுவலகம் சர்க்காரின் சட்ட இலாகாவுக்கு உட்பட்டிருந்தது. மசோதா எழுதும் இலாகாவே சபையின் குமாஸ்தாக்களுக்கும் எஜமானன்! சபைக்குத் தனி அலுவலகம் வேண்டும் என்று 1928 செப்டம்பர் 22-இல் மோதிலால் நேரு கொண்டுவந்த தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. 1929 ஜனவரி 10-இல் அக்கிராசனரின் கீழ் தனி இலாகா ஏற்பட்டது. இன்றைய லோகசபைச் செயலகம் அதன் வழித்தோன்றலே.

படேல் 1930 ஏப்ரலில் பதவி துறந்தார். சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றார். 1933 அக்டோபரில் சுவிட்சர்லாந்தில் காலமானார். அதே ஆண்டில் அவ்வாசனத்துக்கு வந்தவர் கோயம்புத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியார். 1934-ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கிராசனராகிய அவரே தோற்றார். அத்தேர்தலில் சென்னை நகரத்தில் வென்ற சத்தியமூர்த்தி, புலாபாய் தேசாயின் கீழ் காங்கிரஸ் கட்சியின் உபதலைவராகிச் சர்க்காரைத் தம் கேள்விகளால் திணற அடித்தார். பின்பு பத்தாண்டுக்கு மேல் தலைமை வகித்தவர் சர் அப்துர் ரஹீம். முன்பு சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதியாக இருந்தவர்.

கடைசி அக்கிராசனர் தேர்தல் 1946 ஜனவரி 24-இல் நடந்தது. காங்கிரஸ் நிறுத்திய ஜி. வி. மாவலங்கருக்கு 66 வோட்டு. எதிர்த்து நின்ற சர் கவாஸ்ஜி ஜெஹாங்கீருக்கு 63. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அச்சபை மறைந்தது. 1952 மே மாதத்தில், பதினேழு கோடிக்கு மேற்பட்ட வாக்காளர் பட்டியலின்மேல் அமைந்த முதல் லோகசபை, அதே வட்டக் கட்டடத்தில் தன் சபாநாயகரைத் தேர்ந்தெடுத்தது. அன்றும் போட்டி இருந்தது. மாவலங்கருக்குக் கிடைத்தவை 394, எதிர்த்தவருக்கு 55.