சுழலும் டிஷ் ஆண்டெனா: பொருந்தும் சாதனங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

தறியில் அச்சும் விழுதும் பாவுக்கு ஏற்றவையாக இருந்தால்தான் துணி ஒழுங்காக இறங்கும். கிணற்றின் ஆழத்திற்கும் குழாயின் அளவிற்கும் மோட்டாரின் குதிரைச் சக்திக்கும் பொருத்தம் இருந்தால்தான் வயலுக்கு நீர் பாயும். ஒவ்வொரு பொருளும் தனித்தனியே உயர்ந்த சரக்காயிருந்தும், ஒன்றோடொன்று இணங்காவிடில் பணம் விரயமாவதைத் தவிர வேறு பலன் இல்லை. மாடியில் மோட்டார் வைத்துத் திருப்பும் டிஷ் ஆண்டெனாவுக்கும் இதுவே விதி.

நம் அங்கத்தினர் ஒருவர் தீபாவளி போனஸ் பணத்தைக் கொண்டு டிஷ்ஷை ஓரிடத்திலும், மோட்டாரை வேறிடத்திலும், ரிசீவரை மூன்றாமிடத்திலும் வாங்கினார். மூன்றும் புதியவை, மூன்றும் நல்லவை. ஆயினும் டிஷ் அசையவில்லை. அவர் வாங்கிய மோட்டார் 36 வோல்ட்டில் இயங்குவது. ரிசீவரோ கேபிள் வழியாக 13 அல்லது 18 வோல்ட் மட்டுமே கொடுப்பது. குற்றம் சரக்கில் இல்லை, சேர்க்கையில்தான் இருந்தது. இத்தகைய நஷ்டம் மற்றவர்களுக்கு நேராதிருக்கவே இதனை எழுதுகிறோம்.

மோட்டார் யாருக்கு அவசியம்?

ஒளிபரப்புச் செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில், நம் பார்வைக்கு அசையாமல் நிற்பவை. ஒரே கோளிலிருந்து வருவதைப் பார்ப்பவருக்கு மோட்டார் வேண்டியதில்லை. தூர்தர்ஷனின் டி.டி. ஃப்ரீ டிஷ் மட்டும் போதுமென்பவர் கிழக்கு 93.5 டிகிரியை நோக்கி ஒரு சிறிய டிஷ்ஷை நிலையாகப் பொருத்திக்கொள்ளலாம். பல கோள்களின் இலவச ஒளிபரப்புகளையும் மாறி மாறிக் காண விரும்புவோருக்கே மோட்டார் உதவும். கட்டணச் சானல்களின் பூட்டை அது திறக்காது. மேலும், ஒரு டிஷ் ஒரு நேரத்தில் ஒரு திசையையே நோக்கும். ஆகையால் இரு குடும்பங்கள் கூட்டாக வாங்கினால், ஒரு வீட்டார் திருப்பும்போது மற்ற வீட்டாரின் படம் மறையும் என்பதை முன்பே அறிந்திருத்தல் நலம்.

டிஷ்ஷும் எல்.என்.பி.யும்

சி பாண்டு அலைகள் 3.4 முதல் 4.2 கிகாஹெர்ட்ஸ் வரையிலும், கேயூ பாண்டு அலைகள் 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரையிலும் உள்ளவை. முன்னதற்கு 6 அல்லது 8 அடி டிஷ் வழக்கம். பின்னதற்கு 60 முதல் 90 சென்டிமீட்டர் டிஷ் போதும். பெரிய துளைகளையுடைய வலை டிஷ் சி பாண்டுக்குத் தகும். கேயூ பாண்டுக்குத் தகாது. எல்.என்.பி.யும் அவ்வாறே. சாய்ந்த சிறு டிஷ்ஷுக்கென்று செய்ததை, நடுவில் குவியமுள்ள பெரிய டிஷ்ஷில் பொருத்தினால் சக்தி வீணாகும். ரிசீவரில் குறிக்க வேண்டிய எண்ணும் எல்.என்.பி.க்கு ஏற்ப மாறும். சி பாண்டுக்குப் பொதுவாக 5150. யுனிவர்சல் கேயூவுக்கு 9750, 10600.

இருவகை மோட்டார்கள்

முதல் வகை, டிஷ்ஷின் பின்னால் தண்டுபோல் நீண்டு சுருங்கும் ஆக்சுவேட்டர். 6, 8 அடி டிஷ்ஷின் பாரத்திற்கு இதுவே ஏற்றது. இதற்கு 36 வோல்ட் தரும் பொசிஷனர் என்னும் தனிப்பெட்டி வேண்டும். நான்கு கம்பிகளில் இரண்டு மின்சாரத்திற்கு. இரண்டு, தண்டு நகர்ந்த அளவைப் பெட்டிக்கு எண்ணிச் சொல்வதற்கு. அந்த எண்ணிக்கை தவறினால் டிஷ் தன் இடத்தை மறந்துவிடும்.

இரண்டாம் வகை, கேபிள் வழியாகவே மின்சாரமும் கட்டளையும் பெறும் சிறு மோட்டார். இது பெரும்பாலும் 1 அல்லது 1.2 மீட்டருக்கு உட்பட்ட டிஷ்ஷுக்கே உரியது. 8 அடி டிஷ்ஷை இதில் ஏற்றுவது கன்றுக்குட்டியைக் கமலையில் பூட்டுவதற்கு ஒப்பாகும்.

ரிசீவர்

இரண்டாம் வகை மோட்டாருக்கு ரிசீவரில் டைசெக் 1.2 என்னும் வசதி இருத்தல் வேண்டும். டைசெக் 1.0 என்று மட்டும் எழுதியிருந்தால், அது நான்கு எல்.என்.பி.க்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்குமேயன்றி மோட்டாரைத் திருப்பாது. யூசால்ஸ் வசதியும் இருப்பின், நம் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கொடுத்தால் கோள்களின் இடங்களை ரிசீவரே கணக்கிட்டுக்கொள்ளும். ஆக்சுவேட்டர் வைத்திருப்பவர்கள், டைசெக் கட்டளையை 36 வோல்ட்டாக மாற்றும் இடைப்பெட்டி வாங்கியும் பயனடையலாம். மேலே கூறிய அங்கத்தினரின் டிஷ், அத்தகைய பெட்டி வந்தபிறகே அசைந்தது.

மின்சாரக் கணக்கையும் பார்க்க வேண்டும். மோட்டார் 300 மில்லி ஆம்பியரும், எல்.என்.பி. 150 மில்லி ஆம்பியரும் இழுத்தால் மொத்தம் 450. ரிசீவர் தரக்கூடியது 400 என்றால் டிஷ் பாதி வழியில் நின்றுவிடும்.

தொட்டிலைப் போல் ஆடும் அச்சு

கரூரை எடுத்துக்கொள்வோம். அதன் அட்சரேகை வடக்கு 11 டிகிரி. தீர்க்கரேகை கிழக்கு 78. அங்கிருந்து 66 டிகிரிக் கோள், தெற்கிலிருந்து மேற்கே 48 டிகிரி தள்ளித் தெரியும், 93.5 டிகிரிக் கோள், தெற்கிலிருந்து கிழக்கே 55 டிகிரி தள்ளித் தெரியும். டிஷ்ஷை ராட்டினம்போல் நேர்க்குத்தான அச்சில் சுழற்றினால் 103 டிகிரி திருப்ப வேண்டும். ஏற்ற இறக்கமும் செய்ய வேண்டும். ஆனால் அச்சை வடக்கு தெற்காகப் படுக்கவைத்து, வடமுனையை 11 டிகிரி மட்டும் உயர்த்தி, டிஷ்ஷை அந்த அச்சுக்குச் சுமார் 2 டிகிரி தெற்கே சாய்த்துவிட்டால், கிழக்கு மேற்காகத் தொட்டிலைப் போல் 32 டிகிரி ஆட்டினாலே போதும். ஆதலால் டிஷ்ஷின் தாங்கி இவ்வகை அச்சுடையதா என்றும், மோட்டாரின் அட்சரேகை அளவுகோல் 11 வரை இறங்குகிறதா என்றும் பார்த்து வாங்குதல் அவசியம். குளிர்நாடுகளுக்கென்று செய்த சரக்கு நமக்குப் பொருந்தாமற் போகலாம்.

கம்பமும் காப்பும்

8 அடி டிஷ் சி பாண்டில் நோக்கும் பரப்பு ஏறத்தாழ 2 டிகிரி அகலமே. 1 டிகிரி விலகினாலும் சக்தி பாதியாகும். எனவே கம்பத்தைத் தூக்குக்குண்டு விட்டு நேராக நிறுத்தி, கான்கிரீட்டில் அசையாமல் ஊன்ற வேண்டும். கம்பம் சாய்ந்தால் நடுக்கோள் கிடைக்கும். ஓரத்துக் கோள்கள் கிடைக்கமாட்டா. கேபிள் இணைப்புகளில் மழைநீர் புகாமல் சுற்றிக் கட்டுக. கம்பத்திற்கு எர்த் அமைத்தல் அவசியம். மின்கம்பிக்கு அருகில் எக்காரணம் கொண்டும் டிஷ்ஷைத் தூக்கவேண்டாம். நிகழ்ச்சி தவறினால் நாளை பார்க்கலாம், உயிர் போனால் திரும்பாது.

முடிவாக ஒன்று கூறுவோம். கடைக்குச் செல்லுமுன் டிஷ்ஷின் அளவு, பாண்டு, மோட்டாரின் வோல்ட், ரிசீவரின் டைசெக் எண், மின்சாரக் கணக்கு ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முதலில் டிஷ்ஷை முடிவு செய்து, அதற்கேற்ற மோட்டாரையும், பின்னர் மோட்டாருக்கேற்ற ரிசீவரையும் தேர்ந்தெடுங்கள். முன்பே வாங்கிய அயலாரின் வீட்டிற்குச் சென்று, அது இயங்குவதை ஒருமுறை கண்ணால் கண்டு வாருங்கள். ஒருவர் கொடுத்த விலை மற்றவருக்குப் பாடமாவதும் கூட்டுறவின் பலன்களுள் ஒன்றே.