பனிப்பாதையில் ஒரு தனி வீரர்



செஞ்சிச் சீமையில் பிறந்தவர்களுக்கு வெயிலும் பாறையும் பழகிய தோழர்கள். மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக் கோயிலால் பெயர்பெற்ற தளவானூர் எங்கள் ஊர். அவ்வூர்ப் புறத்தே உள்ள வழுக்குப் பாறையில், சிறு வயதில் நாங்கள் பனைமட்டை மீது அமர்ந்து சறுக்குவோம். கால்சட்டை கிழியும், வீட்டில் வசவும் கிடைக்கும். மார்கழிப் பனியையன்றி வேறு பனியைக் கண்டறியாத நான், பனி விளையாட்டொன்றைப் பற்றி இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன். அதற்கு எனக்குள்ள தகுதி அந்தப் பனைமட்டை ஒன்றுதான்.

குளிர்கால ஒலிம்பிக் விழாவில் ‘லூஜ்’ என்றொரு போட்டி உண்டு. வீரர் சிறிய சறுக்கு வண்டி ஒன்றில் மல்லாந்து படுத்து, கால்கள் முன்னே செல்ல, வளைந்து வளைந்து இறங்கும் பனிக்கட்டிப் பாதையில் பாய்ந்து செல்வார். பாதையின் நீளம் ஒரு கிலோமீட்டருக்கும் மேல். வேகமோ மணிக்கு 130 கிலோமீட்டரையும் தாண்டும். வண்டிக்கு எந்திரமும் இல்லை, தடையும் இல்லை. கெண்டைக்கால்களால் அழுத்தியும் தோளைச் சற்றே சாய்த்தும் அதனைத் திருப்பவேண்டும்.

பனைமட்டையை ஈர்த்த புவியீர்ப்பு விசையே இந்த வண்டியையும் ஈர்க்கிறது. ஆயின், பாறையின் சொரசொரப்பு எங்களை விரைவில் நிறுத்திவிடும். மெருகேற்றிய எஃகு பனிக்கட்டியின் மீது செல்லும்போது உராய்வு மிகக் குறைவு. எஞ்சிய பெரும் பகை காற்று. அதற்கு இடங்கொடாமல் இருக்கவே வீரர் தலையையும் தாழ்த்திக் கிடக்கிறார். ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை நேரம் கணிக்கப்படும் போட்டியில், தலையைச் சிறிது உயர்த்தினாலும் நட்டமே.

இப்போட்டியில் நம் நாட்டுக்காக இறங்கியவர் சிவ கேசவன். கேரளத்துத் தந்தைக்கும் இத்தாலியத் தாய்க்கும் மகனாகப் பிறந்து, இமாசலப் பிரதேசத்து மணாலியில் வளர்ந்தவர். 1998-இல் ஜப்பானின் நகானோ நகரில் நடந்த ஒலிம்பிக்கில் கலந்துகொண்டபோது அவருக்கு வயது 16. அங்கே அவர் பெற்ற இடம் 28.

இமயத்தையே உடைய நமக்குப் பனிக்குக் குறைவில்லை. ஆனால் லூஜுக்குப் பனி மட்டும் போதாது. கணக்கிட்டு வளைத்துக் கட்டி, குளிர்பதன முறையால் உறையச் செய்த பாதை வேண்டும். அத்தகைய பாதை அவருக்குத் தாய்நாட்டில் கிட்டவில்லை. ஆகவே வண்டிக்குச் சக்கரங்கள் பூட்டி, மலைச்சாலைத் தாரின் மீது பயின்றார். எதிரே லாரி வரும். திருப்பத்தில் ஆட்டுமந்தை நிற்கும். உண்மையான பனிப்பாதையில் பழக வேண்டுமாயின் வெளிநாடு செல்லவேண்டும். இவ்வாறு பயின்றவரே 2011-லும் 2012-லும் ஆசியப் போட்டிகளில் தங்கம் வென்றார்.

குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் அணி என்றுமே சிறியதுதான். 1964-இல் இன்ஸ்புரூக் நகரில் ஜெரமி புஜகோவ்ஸ்கி என்னும் பனிச்சறுக்கு வீரர் ஒருவரே நம் அணி. 1988-இல் கால்கரியில் பங்கேற்ற சைலஜா குமார், இவ்விழாவில் போட்டியிட்ட முதல் இந்தியப் பெண்மணி.

2014-இல் ருஷ்யாவின் சோச்சி நகரில் நேர்ந்ததை நீங்கள் மறவாதிருக்க வேண்டும். நிர்வாகத் தேர்தல் பற்றிய தகராற்றால், 2012 டிசம்பரிலேயே இந்திய ஒலிம்பிக் சங்கத்தைச் சர்வதேச ஒலிம்பிக் குழு இடைநீக்கம் செய்திருந்தது. ஆகையால் சிவ கேசவன், ஹிமான்ஷு தாக்கூர், நதீம் இக்பால் ஆகிய மூவரும் தொடக்க விழாவில் மூவர்ணக் கொடியின்றி, ஒலிம்பிக் கொடியின் கீழ் நடந்தனர். பெரியோர் செய்த பிழைக்கு வீரர்கள் தலைகுனிய நேர்ந்தது. பயிற்சி ஓட்டத்தில் கேசவன் வண்டியிலிருந்து சரிந்தார். சரிந்தவர் பாய்ந்துகொண்டிருக்கும்போதே அதனைப் பற்றி மீண்டும் ஏறிப் படுத்துவிட்டார். பிப்ரவரி 11-இல் தடை நீங்கியது. அதற்குள் அவருடைய போட்டி முடிந்துவிட்டது. கொடியில்லாமலே ஓடி 37-ஆம் இடம் பெற்றார்.

“இருபத்தெட்டாம் இடத்துக்கும் முப்பத்தேழாம் இடத்துக்குமா இத்தனை பாடு?” என்று நீங்கள் கேட்கலாம். நானும் ஒருகாலத்தில் அப்படிக் கேட்டவன்தான். தலைமையாசிரியனாக இருந்தபோது, மாவட்ட ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்க ஒரே ஒரு மாணவன் முன்வந்தான். காலில் செருப்பும் இல்லாத பிள்ளை. “ஒருவன் போய்க் கடைசியில் வருவதற்கா பள்ளியின் பெயர்?” என்று சொல்லி, விண்ணப்பத்தில் கையெழுத்திட மறுத்தேன். அவன் மறுமொழி கூறாமல் வகுப்புக்குத் திரும்பினான். அடுத்த ஆண்டு உடற்பயிற்சி ஆசிரியர் பெயர் கேட்டார், ஒருவரும் எழுந்திருக்கவில்லை. தோல்வியினின்றும் பள்ளியைக் காத்ததாக எண்ணியிருந்தேன். உண்மையில், பின்னால் வரவேண்டியவர்களின் வழியைத்தான் அடைத்துவிட்டேன்.

பட்டியலின் அடியில் நிற்கும் பெயருக்கும் ஒரு வேலை உண்டு. அந்த இடத்துக்கு நம்மவர் ஒருவர் போகலாம் என்பதை அது ஊருக்குச் சொல்லிவிடுகிறது. கேசவன் 2018-இல் தென்கொரியாவின் பியோங்சாங்கில் தம் ஆறாவது ஒலிம்பிக்கை முடித்தபோது பெற்ற இடம் 34. 2022-இல் பீஜிங்கில் இந்தியாவின் கொடியேந்திச் சென்றவர் காசுமீரத்துப் பனிச்சறுக்கு வீரர் ஆரிப் கான். அவ்விழாவில் இந்திய அணி என்பது அவர் ஒருவரே. எனினும் அணி இருந்தது, கொடியும் இருந்தது.

மாணவர்களே! உங்கள் பள்ளியில் போட்டிக்குப் பெயர் கேட்கும்போது, எழுந்து நிற்பவர் நீங்கள் ஒருவராகவே இருக்கலாம். உட்கார்ந்துவிடாதீர்கள். ஆசிரியர் தயங்கினால் மீண்டும் ஒருமுறை கேளுங்கள். என் மாணவன் இரண்டாம் முறை கேட்டிருக்கலாகாதா என்று இன்றும் நான் ஏங்குகிறேன். அவன் கேட்குமாறு நான் நடந்துகொள்ளவில்லையே என்று வருந்துகிறேன்.