பறக்கக் கற்பவருக்குப் பணம் கொடுப்பவர் யார்?



திருகோணமலையில், சீனன்குடாவுக்கு அண்மையில் இருக்கிறது எங்கள் கப்பல்துறை. ஊரின் பெயரிற் கப்பல் இருக்கிறது. எங்கள் மாணவர் அண்ணாந்து பார்ப்பதோ விமானத்தை. காலைக் கூட்டத்திற் பிள்ளைகள் வரிசையாக நிற்கும்போது பயிற்சி விமானத்தின் ஓசை கேட்டால், அத்தனை தலைகளும் ஒன்றாக மேலே திரும்பும். அதிபரின் அறிவுரையை அந்த நேரத்தில் எவரும் கேட்பதில்லை. உண்மையைச் சொன்னால், நானும் அவர்களுடன் சேர்ந்து அண்ணாந்து பார்ப்பதுண்டு.

சீனன்குடா விமானத்தளம் பழைமையானது. பிரித்தானியர் அமைத்த இத்தளத்தையும் துறைமுகத்தையும் 1942 ஏப்ரல் 9 ஆந் திகதி யப்பானிய விமானங்கள் தாக்கின. 1951 இல் தோன்றிய எமது நாட்டு விமானப்படை, பின்னர் இதனைத் தன் பயிற்சிக் களமாக்கிக்கொண்டது. இன்றும் அப்படையின் இளம் விமானிகள் இங்கேதான் பறக்கப் பழகுகின்றனர்.

சில மாதங்களுக்கு முன்னர், ஒரு மாலைப் பொழுதில், என் பழைய மாணவன் ஒருவன் தாயாருடன் என் வீட்டுக்கு வந்தான். தந்தையை இழந்த பிள்ளை. தாயார் தையல் வேலை செய்து வளர்த்தவர். உயர்தரப் பரீட்சையிற் கணிதப் பிரிவில் நன்றாகத் தேறியவன். வெளிநாட்டு விமானக் கம்பனி ஒன்று அவனைப் பயிலுநர் விமானியாகத் தெரிந்திருந்தது. பயிற்சிச் செலவைக் கம்பனியே ஏற்கும். அவன் குறித்த ஆண்டுகள் அங்கே பணியாற்ற வேண்டும். இடையில் விலகினால் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதற்குப் பெயர் பிணைமுறி. ஊரில் நாம் 'பொண்ட்' என்று சொல்வது இதனைத்தான்.

"இரண்டு பேர் பிணை நிற்க வேணுமாம், சேர். மாமா ஒருவர். மற்றவர்..." என்று இழுத்தான். தாயார் ஒன்றும் பேசாமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நாள் அவகாசம் கேட்டு அனுப்பினேன். அந்த மூன்று நாளில் நான் படித்ததையும் யோசித்ததையுமே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலிற் செலவைப் பார்ப்போம். அனைத்துலகச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி, ஊதியம் பெற்று விமானம் ஓட்டுவதற்குரிய உரிமத்திற்கு 200 மணி நேரப் பறப்பு வேண்டும். அங்கீகாரம் பெற்ற தொடர் பயிற்சியிற் சேர்ந்தவர்க்கு 150 மணி நேரம் போதும். இருவர் மட்டும் அமரும் செஸ்னா 150 போன்ற சிறு விமானங்கூட ஒரு மணி நேரத்தில் 20 லீற்றருக்கு மேல் எரிபொருள் குடிக்கும். 200 மணி நேரத்திற்கு அது 4,000 லீற்றரைத் தாண்டும். ஆசிரியரின் சம்பளம், விமானத்தின் பராமரிப்பு, காப்புறுதி என்பன வேறு. இவ்வளவுக்குப் பின்னும் அவர் எயர்பஸ் 320 போன்ற பெரிய விமானத்தைத் தொட முடியாது. அவ்வகை விமானத்துக்கென்று தனிப் பயிற்சி வேண்டும். நிலத்தில் நின்றபடியே பறத்தலை நடித்துக் காட்டும் 'சிமியுலேற்றர்' என்னும் விலையுயர்ந்த பொறியில் அப்பயிற்சி நடைபெறும்.

இத்தனை செலவையும் யார் கொடுப்பது? உலகில் மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, அரசு கொடுப்பது. விமானப்படைகள் இவ்வழியே செல்கின்றன. கற்பவர் காசு கொடுப்பதில்லை, காலத்தைக் கொடுக்கிறார். அமெரிக்க விமானப்படையில் விமானிப் பயிற்சியை முடித்தவர் அதன்பின் 10 ஆண்டுகள் சேவை செய்ய வேண்டும்.

இரண்டாவது, கம்பனி கொடுப்பது. 1960 இற் பிரித்தானியாவின் இரு அரச விமானக் கம்பனிகள் கூடி, ஹம்பிள் என்னுமிடத்தில் தமக்கென ஒரு பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கின. அக்கல்லூரி பின்னர் மூடப்பட்டது. அவ்விரு கம்பனிகளின் வழிவந்த பிரிட்டிஷ் எயர்வேஸ், தெரிவுசெய்யப்பட்ட இளைஞருக்கு ஆளொன்றுக்கு 100,000 பவுண் வரையான பயிற்சிச் செலவைத் தானே ஏற்கும் திட்டம் ஒன்றை 2023 இல் அறிவித்தது.

மூன்றாவது, கற்பவரே கொடுப்பது. காணி உள்ளவர் காணியை ஈடு வைக்கிறார். நகை உள்ளவர் நகையை விற்கிறார். இரண்டும் இல்லாதவர் தரையில் நின்று அண்ணாந்து பார்க்கிறார். இன்று உலகிற் பல இடங்களில் வழக்கமாகிவிட்டது இம்மூன்றாவது வழியே. ஆகவே பிணைமுறியை அடியோடு வெறுப்பவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும்: பிணைமுறி இல்லையேல், தையற்காரியின் மகனுக்கு வானம் இல்லை.

கம்பனியின் பக்கத்தையும் கேட்பது முறை. அமெரிக்கப் பொருளியலறிஞர் கரி பெக்கர், 1964 இல் வெளியிட்ட நூலில் ஓர் உண்மையை விளக்கினார். எங்கும் விலைபோகும் தொழிற்றிறனைக் கற்பிக்க முதலாளி தயங்குவார். ஏனெனிற் கற்றவர் அடுத்த முதலாளியிடம் போய்விடலாம். எயர்பஸ் ஓட்டக் கற்றவர், அதே வகை விமானம் வைத்திருக்கும் எந்தக் கம்பனிக்கும் உதவுவார். விதைத்தவர் ஒருவர், அறுப்பவர் வேறொருவர் ஆகிவிடும். விமானிகள் போகும் வேகமும் கம்பனிகளை அச்சுறுத்துகிறது. இந்தியாவில், தலைமை விமானி ஓராண்டும் துணை விமானி ஆறு மாதமும் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும் என்று 2017 இல் அரசு விதித்தது. அப்படியிருந்தும் 2023 இல் ஆகாசா எயர் என்னும் புதிய கம்பனி, 43 விமானிகள் முன்னறிவித்தற் காலத்தை நிறைவு செய்யாமல் விலகினர் என்று நீதிமன்றத்தில் முறையிட்டது.

நீதி என்ன சொல்கிறது? இந்தியாவின் 1872 ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74 ஆம் பிரிவு, பத்திரத்தில் எவ்வளவு பெருந்தொகை எழுதியிருப்பினும், அதற்கு மேற்படாத நியாயமான இழப்பீட்டையே பெறலாம் என்கிறது. 2025 மே மாதத்தில் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு வங்கி உத்தியோகத்தரின் வழக்கைத் தீர்த்தது. மூன்றாண்டு முடியுமுன் விலகினால் 2 இலட்சம் ரூபா கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றது. அந்நிபந்தனை அவர் வேறு தொழில் செய்வதைத் தடுக்கவில்லை; தொகையும் அவருடைய பதவிக்கு மிகையானதன்று என்பன காரணங்கள். எனவே பிணைமுறி என்பதே அநீதியன்று. நீதியும் அநீதியும் அதன் வாசகங்களிலேயே இருக்கின்றன.

இப்போது என் மேசைமீது கிடந்த பத்திரத்துக்கு வருவோம். அதனை வாசித்தபோது நான்கு கேள்விகள் எழுந்தன. பிள்ளைகளை இவ்வாறு அனுப்ப எண்ணும் பெற்றோர் இவற்றைக் குறித்துக்கொள்வது நன்று.

ஒன்று: அந்தத் தொகை உண்மையான செலவா? செலவைக் கணக்காக எழுதித் தரவேண்டும். கணக்கில்லாத தொகை கடனன்று, தண்டம்.

இரண்டு: ஆண்டுதோறும் தொகை குறையுமா? ஐந்தாண்டுப் பிணையில் நான்காண்டு உழைத்தவனும் நான்கு நாள் உழைத்தவனும் ஒரே தொகையைக் கட்டுவது எப்படி நியாயமாகும்?

மூன்று: அது எந்த நாணயத்தில் எழுதப்பட்டிருக்கிறது? இதுவே எம்மவர் பலர் கவனியாமல் விடுவது. 50,000 டொலர் என்று பத்திரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2022 இன் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. கடன் ஒரு கோடி ரூபா. அவ்வாண்டு மே மாதத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 360 ரூபா. அதே கடன் ஒரு கோடி 80 இலட்சம் ரூபா. விமானி டொலரிற் சம்பளம் பெறுவார், தாங்கிக்கொள்வார். ரூபாவில் ஓய்வூதியம் பெறப்போகும் பிணையாளி என் செய்வார்?

நான்கு: விலகியவனுடைய குற்றமில்லாத விலகலுக்கு என்ன விதி? விமானி உடற்றகுதிச் சான்றிதழை இழந்தால் பறக்க முடியாது. கம்பனியே மறையவுங்கூடும். இந்தியாவில் ஜெற் எயர்வேஸ் 2019 ஏப்ரலிலும், கோ பெர்ஸ்ற் 2023 மே மாதத்திலும் பறப்பதை நிறுத்தின. வேலை செத்த பின்பும் கடன் உயிரோடிருக்குமா என்பதைப் பத்திரம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

இக்கேள்விகளை எழுதி மாணவனிடம் கொடுத்தேன். அவன் கம்பனிக்கு அனுப்பினான். இரண்டு வாரத்தின் பின் பதில் வந்தது. ஆண்டுதோறும் தொகை குறையும், நோயினால் விலகுவோரிடம் பணம் கேட்கப்படமாட்டாது என்று தனிக்கடிதம் தந்தனர். செலவுக் கணக்கும் வந்தது. டொலரை மாற்ற மறுத்துவிட்டனர். கம்பனி மூடப்பட்டால் என்ன என்பதற்கு மறுமொழியே இல்லை.

அன்றிரவு என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இதற்கு முன்னர் நான் ஒரேயொரு பிணைமுறியில் ஒப்பமிட்டவன். சம்பளத்துடன் கல்வி விடுமுறை பெற்றபோது எனக்காக நானே எழுதிக் கொடுத்தது அது. அப்போது எனக்குப் பிணை நின்றவர் என் முதல் அதிபர். அவர் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவரை நினைத்துக்கொண்டு மறுநாட் காலை ஒப்பமிட்டேன். இரண்டு கேள்விகளுக்கு விடையில்லை என்பதை அறிந்தே ஒப்பமிட்டேன். தாயார் அப்போதுதான் வாய் திறந்தார்: "ஐயா, அவன் தவறினால் மெசினை வித்தாவது தருவன்." அவருடைய தையல் இயந்திரத்தை விற்று அந்தக் கடனில் எத்தனை நாளைய வட்டியைக் கட்டலாம் என்று நான் அவருக்குச் சொல்லவில்லை.

நேயர்களே, 1945 முதல் இந்நாட்டிற் கல்வி இலவசம். அந்த மாணவன் பதின்மூன்று ஆண்டுகள் அரசாங்கப் பாடசாலையிற் படித்தான். அதற்காக நாடு அவனிடம் எந்தப் பிணைமுறியும் கேட்கவில்லை. பள்ளிப்படிப்பு முடிந்த அடுத்த படியிலேயே ஏழைத் தாயின் தையல் இயந்திரமும் ஆசிரியரின் ஓய்வூதியமும் பிணையாக வேண்டியிருக்கிறது. அரசு குறைந்த வட்டியிற் கடன் கொடுத்தால், அல்லது பிணையாளியின் இடத்தில் அரசே நின்றால், இந்தச் சுமை பலர் தோளிற் பகிரப்படும். செலவு எவ்வாறும் ஒருவர் தலையில் விழத்தான் வேண்டும். தாங்கக்கூடியவர் தலையில் அது விழும்படி பார்ப்பதே ஒரு சமுதாயத்தின் கடமை.

அந்த மாணவன் இப்போது வெளிநாட்டிற் பயிற்சி பெறுகிறான். தனியாகப் பறந்த முதல் நாளன்று எனக்குத் தொலைபேசி எடுத்தான். காலைக் கூட்டத்திற் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கும்போது, அவர்களை நான் இப்போது அடக்குவதில்லை. மாலையிலே மட்டும், உயர்தர வகுப்பினருக்கு ஒப்பந்தப் பத்திரம் ஒன்றை எப்படி வாசிப்பது என்று கற்பித்து வருகிறேன்.