குணங்கூறும் ஆங்கிலச் சொற்கள்

சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வருவோர் அருவியில் நீராடிக் குற்றாலநாதரை வணங்கிச் செல்வர். கோயிலுக்குச் சற்று அப்பால் உள்ள சித்திர சபைக்குச் செல்வோர் சிலரே. கூத்தப்பிரானுக்குரிய ஐந்து சபைகளுள் அதுவும் ஒன்று. அங்கே இறைவன் செப்புத் திருமேனியாக அன்றிச் சுவரில் தீட்டிய ஓவியமாகக் காட்சி தருகிறான். அவன் ஆடி நிற்கும் அந்த நிலையை ஆங்கிலத்தில் எச்சொல்லால் குறிக்கலாம்? 'ஆட்டிட்யூட்' என்னும் சொல் நன்கு பொருந்தும். ஓவியத்திலும் சிற்பத்திலும் ஓர் உருவம் நிற்கும் நிலையைக் குறிக்கவே அச்சொல் ஆங்கிலத்தில் முதலில் வழங்கியது. உடல் நிலையைச் சுட்டிய சொல், நாளடைவில் உள்ளத்தின் நிலையைச் சுட்டுவதாயிற்று.

'கேரக்டர்' என்பதன் வரலாறு வேறு. கிரேக்க மொழியில் அது பொறிக்கப்பட்ட அடையாளத்தைக் குறித்தது. நாணயத்தில் அழுந்தப் பதித்த முத்திரை போன்றது. ஆகவே, ஆட்டிட்யூட் என்பது ஒன்றை நோக்கி மனம் கொள்ளும் பாங்கு; கேரக்டர் என்பது மனத்தில் ஆழப் பதிந்த பண்பு. முன்னது மாறக்கூடியது, பின்னது எளிதில் மாறாதது. இவ்விரண்டினும் நிலையற்றது 'மூட்' எனப்படும் அப்போதைய மனநிலை. அது நம் பேரருவியைப் போன்றது. மலையில் மழை பெய்தால் பெருகும், கோடையில் வற்றும். வற்றிய நாளில் வந்து பார்த்தவர், குற்றாலத்தில் அருவியே இல்லை என்று எழுதிவிடலாமா?

ஆங்கிலத்தில் குணங்கூறும் சொற்களைப் பயில்வோர் மற்றொன்றையும் கருத வேண்டும். இச்சொற்கள் பெரும்பாலும் இணை இணையாக நிற்கும். செலவில் கருத்துள்ளவனை விரும்பினால் 'திரிஃப்டி' என்பர். விரும்பாவிட்டால் 'ஸ்டிஞ்சி' என்பர். நம் மொழியிலும் சிக்கனம், கஞ்சத்தனம் என இரு சொற்கள் உள்ளன அன்றோ? கொண்ட கருத்தை விடாதவன் ஒருவருக்கு 'ஃபர்ம்', மற்றொருவருக்கு 'ஆப்ஸ்டினேட்'. உறுதி, பிடிவாதம் என்று நாம் சொல்வதும் இதுவே. 1948-ஆம் ஆண்டு பி.பி.சி. வானொலியில் அறிஞர் பெர்ட்ரண்டு ரஸ்ஸல் இதனை நகைச்சுவையோடு எடுத்துக்காட்டினார். ஒரே குணம் தன்னிடம் இருந்தால் உறுதி, எதிரில் இருப்பவரிடம் இருந்தால் பிடிவாதம், அங்கில்லாத மூன்றாமவரிடம் இருந்தால் மூடத்தனம் என்பது அவர் கூறியதன் கருத்து. சொல், சொல்லப்படுபவனைப் பற்றி மட்டும் அன்று, சொல்பவனைப் பற்றியும் சொல்கிறது.

இதனை நான் நூல்களில் கற்பதற்கு முன் ஒரு தந்தையிடம் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன், பள்ளியிறுதி வகுப்பை முடித்த மாணவன் ஒருவன் வேலைக்கு விண்ணப்பிக்க என்னிடம் நற்சான்று கேட்டான். தன்மேல் தவறில்லை என்று கூறி, அவன் ஒருமுறை மன்னிப்புக் கேட்க மறுத்திருந்தான். அது என் நினைவில் நின்றது. நல்லன பலவும் எழுதி, இடையே 'ஆப்ஸ்டினேட்' என்ற சொல்லையும் சேர்த்துவிட்டேன். மறுநாள் அவன் தந்தை வந்தார். பயிர்த்தொழில் செய்பவர், ஆங்கிலம் அறியாதவர். யாரையோ கொண்டு படிக்கக் கேட்டிருக்கிறார்.

"ஐயா, என் மகன் பிடிவாதக்காரன் என்று எழுதியிருக்கிறீர்களாம். மழையிலும் வெயிலிலும் நாலு மைல் நடந்து பள்ளிக்கு வந்து படித்தானே, அதுவும் அந்தப் பிடிவாதத்தால்தானே?" என்றார்.

என்னிடம் மறுமொழி இல்லை. ஒருநாள் நிகழ்ச்சியில் கண்ட மனப்பாங்கை, அவன்மேல் பொறித்த முத்திரையாக நான் எழுதிவிட்டேன். அத்தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். இம்முறை குணச்சொல் எதனையும் தேடவில்லை. தொலைவிலிருந்து நடந்து வந்தும் வருகை தவறாதவன், ஏற்ற வேலையை முடிக்காமல் விடாதவன் என்று அவன் செய்ததையே எழுதினேன்.

மாற்றுச் சான்றிதழில் ஒழுக்கம், பண்பு இரண்டுக்கும் ஒரே ஒரு கட்டம் இருக்கும். அதில் 'குட்' என்று எழுதி நாம் கடமையை முடித்துவிடுகிறோம். ஆனால் நற்சான்றுக் கடிதமோ ஓர் இளைஞனுக்கு முன்னே நடந்து சென்று கதவைத் தட்டுவது. 'நைஸ்' என்னும் சொல்லைப் பாருங்கள். அறியாமையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்து, ஒரு காலத்தில் பேதை என்று பொருள்பட்டது. இன்று இனியவர் என்று பொருள்படுகிறது. சொல்லின் குணமே இவ்வளவு மாறுமாயின், பதினாறு வயதுப் பிள்ளையின் குணம் மாறாது என்று உறுதி கூற நாம் யார்? பிறர் குணத்தை எழுத நேரும்போது, சொல்லைத் தேடுமுன் அவர் செய்த செயலைத் தேடுவோமாக.