கல்லிவல்லி என்றால் என்ன?
(11-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு)



போன மாதம் வகுப்பில் வெளிநாட்டு வேலை பற்றிப் பேச்சு வந்தது. "கள்ளத்தனமாத் தங்குறவங்களை உடனே பிடிச்சு அனுப்பிட வேண்டியதுதானே?" என்று ஒருவன் கேட்டான். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. காரணம், என் தாய்மாமா துபாயில் அப்படித் தங்கியிருந்தவர். அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

வளைகுடா நாடுகளில் விசா இல்லாமல் வேலை செய்கிறவர்களை நம்மவர்கள் 'கல்லிவல்லி' என்பார்கள். 'விட்டுத் தள்ளு' என்கிற அர்த்தத்தில் அரபிக்காரர்கள் சொல்வது அது. பெயரிலேயே அவர்கள் நிலைமை தெரிகிறது பாருங்கள்.

1973-இல் எண்ணெய் விலை ஏறிய பிறகு அந்த நாடுகளில் கட்டடங்கள் கிடுகிடுவென எழும்பின. கட்ட ஆள் இல்லை. இன்று ஐக்கிய அரபு அமீரகத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் வெளிநாட்டவர்கள்தான். ஆக, ஆள் தேவை என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் விசா ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது. சட்டப்படி ஆள் எடுத்தால் விசா செலவு, இன்சூரன்ஸ், தங்க இடம் எல்லாம் அவர் பொறுப்பு. 2009-இல் இருந்து சம்பளத்தையும் வங்கி வழியாகப் போட வேண்டும் என்று விதி வந்துவிட்டது. பெரிய கம்பெனிக்கு இது முடியும். அதனிடம் உள்குத்தகை எடுத்து, இரண்டு மாதத்தில் வேலையை முடித்துக் கொடுக்க வேண்டிய சின்ன கான்ட்ராக்டருக்கு? அவர் கல்லிவல்லி ஆளைத்தான் தேடுவார். வேலை முடிந்தால் "நாளைக்கு வராதே" என்று சொல்லிவிடலாம். கூலி தராவிட்டாலும் அந்த ஆள் எங்கே போய்ப் புகார் கொடுப்பான்?

மாமா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். கம்பி கட்டுகிற வேலை. பத்தாவது பாஸ் செய்யாதவர்களின் பாஸ்போர்ட் 'இ.சி.ஆர்.' வகை. 1983-ஆம் வருடச் சட்டப்படி அவர்கள் வளைகுடாவுக்கு வேலைக்குப் போக அரசிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். சம்பளம் எவ்வளவு, ஒப்பந்தம் சரியா என்று பார்த்துத்தான் அனுமதி தருவார்கள். சுற்றிப்பார்க்கப் போகிறவருக்கு இந்த அனுமதி தேவையில்லை. ஏஜென்ட்டுகள் நுழைகிற ஓட்டை இதுதான். "விசிட்ல போ, அங்க போனதும் கம்பெனி விசா அடிச்சுக்கலாம்" என்றார் மாமாவின் ஏஜென்ட். வாங்கியது ஒரு லட்சத்து இருபதாயிரம். பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான் வாங்கலாம் என்பது அப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது.

2022 ஜனவரியில் போனார். கம்பெனி விசா வரவே இல்லை. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்ட கான்ட்ராக்டர் திருப்பித் தரவில்லை. பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது அந்த நாட்டுச் சட்டப்படியும் தப்பு, ஆனாலும் நடக்கிறது. விசிட் விசா முடிந்ததும் மாமா கல்லிவல்லி.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். கம்பெனி விசாவில் இருந்த ரூம்காரர்களுக்கு மாதம் 1,000 திர்ஹாம். மாமாவுக்கு நாளுக்கு 70. வேலை தொடர்ந்து கிடைத்த மாதத்தில் அவர்தான் அதிகம் அனுப்பினார். வளையலை மீட்டதும் அந்தப் பணத்தில்தான். அதனால் "எல்லாரும் ஏமாந்தவங்க"ன்னு நான் சொல்ல மாட்டேன், தெரிந்தே வெளியே போய் வேலை செய்கிறவர்களும் உண்டு. ஆனால் மாமாவுக்கு ஒரு கான்ட்ராக்டர் 46 நாள் கூலியைத் தராமல் போனார். கேட்டதற்கு, "போலீஸ்ல சொல்லவா?" என்றாராம்.

"அப்போ திரும்பி வந்திருக்கலாமே?" என்பீர்கள். கூடுதலாகத் தங்கிய ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹாம் அபராதம். வருடத்துக்கு 18,250 திர்ஹாம், நம் பணத்தில் நாலு லட்சத்துக்கும் மேல். கட்டினால்தான் ஊருக்கு வரலாம். கட்டுவதற்குச் சம்பாதிக்க இன்னும் தங்கவேண்டும், தங்கினால் அபராதம் ஏறும். 2023-இல் எங்கள் ஆச்சி இறந்தபோது மாமா போன் வீடியோவில்தான் பார்த்தார். கொள்ளி வைத்தது சின்ன மாமா.

2024 செப்டம்பரில் அமீரகம் பொதுமன்னிப்பு அறிவித்தது. அபராதம் இல்லாமல் ஊருக்குப் போகலாம், இல்லை வேலை கிடைத்தால் விசாவைச் சரிசெய்துகொண்டு அங்கேயே இருக்கலாம். டிசம்பர் கடைசி வரை நீட்டித்தார்கள். 2018-லும் இப்படி ஒன்று நடந்தது. கணக்கு அழிந்து, மறுபடி ஆட்கள் சேர்ந்து, மறுபடி மன்னிப்பு. அதே 2024-இல் விசா இல்லாதவரை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு அபராதத்தை ஒரு லட்சத்திலிருந்து பத்து லட்சம் திர்ஹாம் வரை உயர்த்தினார்கள். இது சரியான இடத்தில் பிடிப்பது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆள் தேடுகிறவர் இருக்கும்வரை ஆளும் போய்க்கொண்டேதானே இருப்பான்?

மாமா நம் தூதரகத்தில் அவுட்பாஸ் வாங்கிக்கொண்டு நவம்பரில் வந்து சேர்ந்தார். பாஸ்போர்ட் இன்னும் அந்த கான்ட்ராக்டரிடம்தான். இப்போது உள்ளூரிலேயே கம்பி கட்டுகிறார். பழைய மேஸ்திரி போன வாரம் போன் செய்து, "நாலு ஆள் இருந்தா அனுப்பு, விசிட்ல வந்தாப் போதும்" என்று கேட்டாராம்.

இதை எழுதப்போகிறேன் என்றதும் மாமா ஒன்று சொன்னார்: "யார் வீட்லயாவது அண்ணன், சித்தப்பா யாரும் கிளம்புறதா இருந்தா பேப்பரை எடுத்துக்கிட்டு வரச் சொல்லு, நான் பார்க்கிறேன்." சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பார். என்னிடம் கேட்டால் கூட்டிப் போகிறேன்.