உருக்கப் போடும் முன் வருஷத்தைப் பாருங்கள்

அமெரிக்காவில் கடைச் சில்லறையில் இன்றும் எப்போதாவது வெள்ளிக் காசு சிக்குகிறது. 1964 வரை அங்கே அச்சான கால் டாலர் 90 சதவீதம் வெள்ளி. அது இன்றும் செல்லும். ராயகிரி டீக்கடையில் அப்படி நடக்காது. விக்டோரியா காசு, எட்வர்டு காசு என்று வரிசையாக இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே அரசு செல்லாததாக்கிவிட்டது. தப்பியவை ஆச்சிமாரின் தகரப் பெட்டியிலும், சாமி அறையில் மஞ்சள் துணி முடிச்சிலும் கிடக்கின்றன.

அவசரச் செலவு வந்தால்தான் முடிச்சு அவிழ்கிறது. ‘பழைய வெள்ளி’ என்று மொத்தமாக எடை போட்டு உருக்கக் கொடுத்துவிடுகிறோம். மனசு பொறுக்காத காரியம் இது.

ஒரு ரூபாய்க் காசு சரியாக ஒரு தோலா, 11.66 கிராம். கடைத் தராசில் அதையே எடைக்கல்லாகப் போட்டிருக்கிறார்கள். மூன்று ரூபாய் எடை ஒரு பலம். 1939 வரையிலான காசில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, அதாவது ஏறக்குறைய 10.7 கிராம். 1940 முதல் அதே எடையில் பாதிதான் வெள்ளி. மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். விளிம்பு வரிகளுக்கு நடுவே ஒரு பள்ளம் ஓடினால் அது பாதி வெள்ளிக் காசு. புலி போட்ட 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது. காந்தம் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், அது நிக்கல்.

1911 என்றிருந்தால் இன்னும் கவனம். ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் இருந்த யானை பன்றி போலத் தெரிந்ததால் எதிர்ப்பு கிளம்பி, பெரும்பகுதியை அரசே உருக்கிவிட்டது. சேகரிப்பாளர்கள் தேடும் காசு அது.

புளி போட்டுத் தேய்க்காதீர்கள். கறுப்பு போகும்போது எழுத்தின் கூர்மையும் போய்விடும். சேகரிப்பாளர் தரும் விலையும் குறையும்.

உழும்போதோ வானம் தோண்டும்போதோ கிடைத்தால் கதையே வேறு. 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

‘பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள்’ என்று போன் வந்தால் ஒரு பைசா அனுப்பாதீர்கள். இப்படிப்பட்ட விற்பனையில் தனக்குத் தொடர்பில்லை, யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்திருக்கிறது.