திருச்சிராப்பள்ளி – யாழ்ப்பாணம் வான்வழித் தொலைவு

திருச்சிராப்பள்ளி – யாழ்ப்பாணம் வான்வழித் தொலைவு என்பது தமிழ்நாட்டின் திருச்சிராப்பள்ளி பன்னாட்டு வானூர்தி நிலையத்திற்கும், இலங்கையின் வட மாகாணத்தில் பலாலியில் அமைந்துள்ள யாழ்ப்பாணம் பன்னாட்டு வானூர்தி நிலையத்திற்கும் இடையிலான நேர்த்தொலைவைக் குறிக்கும். இது ஏறத்தாழ 184 கிலோமீட்டர் (99 கடல் மைல்) ஆகும். திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னை வானூர்தி நிலையம் ஏறத்தாழ 293 கி.மீ. தொலைவில் உள்ளது. ஆகவே திருச்சிக்கு மாநிலத் தலைநகரைவிட யாழ்ப்பாணமே அண்மையில் இருக்கிறது.

தொலைவு

இவ்வளவு புவிக்கோளத்தின் வளைபரப்பில் இரு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய வழியின் நீளமாகும். திருச்சி நிலையம் 10.77° வடக்கு, 78.71° கிழக்கிலும், பலாலி 9.79° வடக்கு, 80.07° கிழக்கிலும் உள்ளன. இவற்றை இணைக்கும் கோடு திருச்சியிலிருந்து தென்கிழக்காகச் சென்று, குடைவரைக் கோயிலால் அறியப்படும் புதுக்கோட்டை மாவட்டக் குன்றாண்டார்கோவில் வட்டாரத்தை ஒட்டிக் கடந்து, பட்டுக்கோட்டைக்குத் தெற்கே கடற்கரையை அடைகிறது. ஏறக்குறையப் பாதி வழி நிலம். எஞ்சியது பாக்கு நீரிணை. (குன்றாண்டார்கோவில் மக்களுக்கு அண்மையிலுள்ள வானூர்தி நிலையமும் திருச்சியே.) வானூர்திகள் இக்கோட்டின் மீதே பறப்பதில்லை, வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டினர் வகுக்கும் வழி சற்று நீண்டதாக இருக்கும்.

பறப்பு நேரம்

இத்தடத்தில் பயன்பட்ட ஏடிஆர் 72 வகைச் சுழல்விசிறி வானூர்தி மணிக்கு ஏறத்தாழ 500 கி.மீ. வேகத்தில் பறக்க வல்லது. தொலைவை வேகத்தால் வகுத்தால் 22 நிமிடங்களே கிடைக்கும். எனினும் கால அட்டவணையில் ஒரு மணி நேரம் தரப்பட்டது. இது பிழையன்று. அட்டவணை நேரம் வானூர்தி தரிப்பிடத்தை விட்டு நகர்வது முதல் மறுமுனையில் தரித்து நிற்பது வரை கணக்கிடப்படுவது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லுதல், குறைந்த வேகத்தில் மேலேறுதல், இறங்குதல் யாவும் இதில் அடங்கும். மேலும், திருச்சியின் ஓடுபாதை கிழக்கு மேற்காகவும், பலாலியினது வடகிழக்கு தென்மேற்காகவும் அமைந்துள்ளன. பயணத் திசையோ தென்கிழக்கு. எனவே இரு முனைகளிலும் வானூர்தி திரும்பியாக வேண்டும். குறுந்தடங்களில் முழு வேகத்தில் பறக்கும் பகுதி மிகச் சிறிது என்பதால், தொலைவை மட்டும் கொண்டு நேரத்தைக் கணிப்பது ஏமாற்றும்.

2006 ஏப்ரல் முதல் இலங்கையும் இந்திய நேரத்தையே பின்பற்றுவதால், புறப்படும் நேரத்தை வந்துசேரும் நேரத்திலிருந்து கழித்தாலே பயண நேரம் கிடைத்துவிடும்.

வரலாறு

ஏர் சிலோன் நிறுவனம் 1947 டிசம்பர் 10 அன்று தன் முதற் சேவையை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை (பலாலி) வழியாகச் சென்னைக்கு இயக்கியது. 1949 டிசம்பர் 21 அன்று அதன் டக்ளஸ் டிசி-3 வானூர்தியொன்று திருச்சியில் தரையிறங்கும்போது விபத்துக்குள்ளானது; உயிரிழப்பு இல்லை. பின்னர் உள்நாட்டுப் போரால் பலாலி பல்லாண்டுகள் படைத்தளமாகவே இருந்தது. அக்காலத்தில் திருச்சியிலிருந்து யாழ்ப்பாணம் செல்வோர் 417 கி.மீ. பறந்து கொழும்பு சேர்ந்து, அங்கிருந்து சாலை வழியே ஏறத்தாழ 400 கி.மீ. வடக்கே திரும்ப வேண்டியிருந்தது. போர்க்காலத்தில் அச்சாலையும் பலமுறை மூடப்பட்டது.

பலாலி 2019 அக்டோபர் 17 அன்று பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னையிலிருந்து சேவை தொடங்கியது. திருச்சியிலிருந்து நேரடிச் சேவையை 2025 மார்ச் 30 அன்று இன்டிகோ நிறுவனம் தொடங்கியது.